நாலு மூலையும் தெரியணும்

"இந்த வயசுல நம்மள உக்கார வச்சு சீட்டாட்டம் சொல்லித் தரப் போறாங்களாம். வாழ்க்கையில இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு."

முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டபோது அவள் குனிந்து புரொஜக்டர் வயரை மேசைக் காலில் சுற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. குரல் கொஞ்சம் கரகரத்துப் போயிருந்தது. ஆனால் கடைசி வார்த்தையை இழுத்து, எதிரில் இருப்பவர்கள் சிரிப்பதற்கு இடம் விட்டு நிறுத்துகிற வழக்கம் அப்படியே இருந்தது. விட்ட இடத்தில் ஹாலில் இருந்த ஆசிரியர்கள் சிரிக்கவும் செய்தார்கள். அவள் வயரை இன்னும் ஒரு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டாள். முடிச்சு தேவைக்கு மேல் இறுகிவிட்டது.

அவள் அங்கே தற்செயலாக வரவில்லை. ஆசிரியர் பயிற்சி நிலையத்தில் வேலை. வகுப்பறையில் போனையும் கணினியையும் வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பிரிவு. யார் எந்தப் பள்ளிக்குப் போவது என்று பிரித்தபோது இந்தப் பள்ளி அவளுடைய தோழிக்குத்தான் விழுந்தது. பயிற்சிக்கு வரப்போகிறவர்களின் பெயர்களைத் தோழியின் தோளுக்கு மேலாகப் பார்த்தவள் ஒரு பெயரில் நின்றுவிட்டாள். "அந்த ஸ்கூல நான் எடுத்துக்கறேன்டி, நீ என்னோடத எடுத்துக்கோ" என்று சாதாரணமாகச் சொன்னாள். தோழிக்கு வீட்டுப் பக்கத்துப் பள்ளி கிடைத்த சந்தோஷம். காரணம் கேட்கவில்லை.

வீட்டில் அண்ணியிடம் மட்டும் சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி, ஒரு சட்டையின் கையைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"அந்த ஸ்டேஷன் மாஸ்டரா? இன்னும் வேலையிலயா இருக்கார்?"

"அடுத்த வருஷம் ரிடையர் ஆகறாராம்."

"சரி. போய் என்ன பண்ணப் போற?"

"தெரியல அண்ணி."

"தெரியாமப் போகாத. கேக்கறதுன்னா நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வா. இல்லையா, போன வேலையப் பார்த்துட்டுப் பேசாம வந்துடு. ரெண்டும் இல்லாம உள்ளயே வச்சுப் புழுங்கிட்டு வந்து என் முன்னாடி மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத, சொல்லிட்டேன்."

ஸ்டேஷன் மாஸ்டர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர்தான். ஆனால் அதற்கு வேண்டிய சரக்கையெல்லாம் எடுத்துக் கொடுத்தவர் அவரே. கணக்கு வாத்தியார். எட்டாம் வகுப்பின் தொடக்கத்தில் ஒரே ஒரு பரீட்சை வைப்பார். வாங்கிய மதிப்பெண் வரிசையில் பெஞ்சுகளை நிரப்புவார், பத்தாவது வரை அதே இடம்தான். முன்வரிசை எஞ்சின். நடுவில் இருப்பவை பாசஞ்சர். சுவரை ஒட்டிய கடைசி பெஞ்சு கூட்ஸ். எஞ்சினைப் பார்த்துப் பாடம் நடத்துவார், பாசஞ்சரைப் பார்த்துக் கேள்வி கேட்பார், கூட்ஸைப் பார்க்கவே மாட்டார். கடைசி பெஞ்சில் யாராவது கையைத் தூக்கினால் கரும்பலகையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "கூட்ஸ் வண்டிக்கு இன்னும் சிக்னல் போடல" என்பார். இழுத்து, இடம் விட்டு. வகுப்பு சிரிக்கும். அடித்தவரில்லை, திட்டியவரில்லை. வீட்டில் போய்ப் புகார் சொல்லக்கூட ஒன்றும் இருக்காது. 'சார் சிரிக்க வைக்கிறார்' என்றா சொல்வது?

எட்டாம் வகுப்பில் காய்ச்சலோடு அந்த முதல் பரீட்சையை எழுதி அவள் கூட்ஸில் ஏறினாள். ஏறியவள் பத்தாவது வரை இறங்கவில்லை. தினமும் கையைத் தூக்குவாள். தோள் வலித்தால் இடது கையால் வலது முழங்கைக்கு முட்டுக் கொடுத்துத் தூக்குவாள். ஒருநாள் அவர் பலகையில் கடிகாரம் ஒன்றை வரைந்து, மூன்றே கால் மணிக்கு இரண்டு முள்ளும் ஒன்றின் மேல் ஒன்று இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றது எஞ்சின். இருக்கும் என்றது பாசஞ்சர். அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "சின்ன முள்ளும் கொஞ்சம் நகர்ந்திருக்கும் சார்" என்று சொல்லிவிட்டாள். அவர் காதில் கையைக் குவித்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். "யாரோ பேசின மாதிரி இருந்துச்சே? ஓ, கூட்ஸ் வண்டி தடதடப்பு. போகட்டும் விடுங்க." அவள் நின்றுகொண்டே இருந்தாள். முன் பெஞ்சில் ஒருத்தன் திரும்பி அவளைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், பிறகு அவள் சொன்னதை அப்படியே சொன்னான். "சபாஷ்டா என் எஞ்சின்!" என்று அவர் கை தட்டினார். வகுப்பும் தட்டியது. உட்கார் என்று யாரும் சொல்லாததால் அவளாகவே உட்கார்ந்துகொண்டாள்.

அதன் பிறகு அவள் கையைத் தூக்கவில்லை. பத்தாவதில் கணக்கில் தோற்றாள். கூடப் படித்தவர்கள் புதுப் பை மாட்டிக்கொண்டு தெருவில் போவதை ஜன்னலில் பார்த்தபடி ஒரு வருடம் வீட்டில் கிடந்தாள். அந்த வருடம்தான் அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி வந்தாள். அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டே அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதில் வித்தை ஒன்றும் இல்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

அதனால்தான் இந்த அட்டை முறையை முதன்முதலில் பார்த்த அன்றே அவளுக்குப் பிடித்துப்போனது. விஷயம் எளிமையானது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அட்டையில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஓர் உருவம், ஒருவருக்கு இருப்பது போல் மற்றவருக்கு இருக்காது. நான்கு ஓரங்களிலும் பொடி எழுத்தில் அ, ஆ, இ, ஈ. கேள்விக்குத் தனக்குச் சரியென்று படுகிற எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தன் போன் காமிராவை வகுப்பின் மேல் ஓர் ஓட்டு ஓட்டினால், யார் என்ன விடை சொன்னார்கள் என்பதைப் போன் படித்துவிடும். படித்த அட்டையைச் சுற்றிப் பச்சைக் கோடு விழும். சுவரில் இருக்கிற பெரிய திரையில் அவரவர் எண்ணுக்கு உரிய கட்டம் நிறம் மாறும். பிள்ளைகளுக்குப் போனும் வேண்டாம், கணினியும் வேண்டாம். வாயே திறக்காத பிள்ளை என்ன நினைக்கிறது என்பதும் தெரிந்துவிடும். மற்ற பயிற்றுநர்கள் நேரம் மிச்சம், திருத்தும் வேலை மிச்சம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையின் மேல் பச்சைக் கோடுகள் ஒன்றொன்றாக விழுவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கண்ணுக்கு எஞ்சினும் கூட்ஸும் ஒன்று.

அன்று காலை பள்ளிக்கு வந்ததும் தலைமையாசிரியை அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். கதவை ஒருக்களித்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"சாயங்காலம் ரிப்போர்ட் நேரா எனக்கு வந்துடும்ல மேடம்? யார் யார் எத்தனை கேள்விக்குப் பதில் சொன்னாங்கன்னு?"

"வந்துடும் மேடம். நம்பர் வாரியா வரும்."

"பதினேழாம் நம்பர கொஞ்சம் நல்லா பாருங்க. சீனியர் கணக்கு சார். அவர்கிட்டேருந்து பத்தாம் வகுப்ப எடுத்துப் புது டீச்சர்கிட்ட குடுக்கணும். வாயால சொன்னா நாலு பேர் முன்னாடி என்னையே கிண்டல் பண்ணிடுவார். இந்த முறையில பாடம் நடத்தத் தெரியாதவங்களுக்குப் பத்தாம் வகுப்பு கிடையாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. ரிப்போர்ட்ல தெரிஞ்சா நான் பேச வேண்டியதே இல்ல. ஸ்டோர் ரூம் சாவியக் கையில குடுத்துடுவேன்."

யாரோ அவளுக்காகவே கத்தியைத் தீட்டி, பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டுவது போல இருந்தது. "பாக்கறேன் மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

அட்டைகளைக் கொடுத்து முடித்ததும் ஒத்திகைக் கேள்வி ஒன்றைத் திரையில் போட்டாள். அப்போதுதான் முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தாள். எல்லோரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் கடைசி பெஞ்சில் தனியாகச் சாய்ந்திருந்தார். இந்தக் கூத்தில் எனக்குப் பங்கில்லை என்று காட்டுகிற உட்காரல். தலை முழுக்க வெளுத்துவிட்டது. சட்டைக் கழுத்து தொளதொளவென்று நின்றது. அட்டையை ஒரு மூலையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் கிள்ளிப் பிடித்திருந்தார். அந்தப் பிடி அவளுக்கு நன்றாகத் தெரியும். திருத்திய விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, செத்த எலியை வாலில் தூக்குவது போல மூலையில் கிள்ளி நீட்டுவாரே, அதே பிடி. சொல்லப்போனால் எல்லா வாத்தியார்களும் அப்படித்தான் பிடிக்கிறார்கள். பிள்ளைகள் இந்த அட்டையைத் தட்டுப் போல இரண்டு கையாலும் ஓரத்தில் ஏந்துவார்கள். வாத்தியார்களுக்குத் தாளைக் கண்டால் கை தானாக மூலைக்குப் போய்விடும், கட்டைவிரல் உருவத்தின் மேல் ஏறிவிடும். ஒரு மூலை மறைந்தாலும் போனுக்கு அந்த அட்டை அட்டையே இல்லை. அதனால் எந்தப் பள்ளிக்குப் போனாலும் அவள் வாயைத் திறந்ததும் சொல்கிற முதல் வாக்கியம், 'நாலு மூலையும் தெரியணும், விரல் படக் கூடாது.'

அன்றைக்கு அந்த வாக்கியத்தை அவள் சொல்லவில்லை.

மறந்தேன் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். நாக்கின் நுனி வரை வந்தது, விழுங்கினாள். ஒத்திகை முடிந்தபோது திரையில் எட்டோ ஒன்பதோ கட்டங்கள் நிறம் மாறாமல் சாம்பலாகவே நின்றன. "சிலது படிக்கல. நான் வந்து பாக்கறேன்" என்று சொல்லி வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். உடற்பயிற்சி ஆசிரியரின் விரலை ஓரத்துக்கு நகர்த்தினாள். கழுத்தில் விசில் தொங்கியதால் அவருக்கு விசில் என்றே பெயர். "அடடா, என் விரல்தான் வில்லனா?" என்று அவர் சிரித்தார். புதுக் கணக்கு டீச்சரின் அட்டையைச் சரியாகப் பிடித்துக் காட்டினாள். ஒவ்வொருவராகத் திருத்திக்கொண்டே வந்தவள், கடைசி பெஞ்சுக்கு முந்தின வரிசையில் நின்றாள். அவர் அட்டையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அந்தப் பெஞ்சே அங்கு இல்லாதது போல ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நடந்தாள். முதுகு முழுவதும் குறுகுறுத்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு ருசியை அவள் அனுபவித்ததில்லை.

டீ இடைவேளையில் அவராகவே கோப்பையோடு அவளிடம் வந்தார்.

"மேடம், உங்க போனுக்குக் கண்ணு சரியில்லையோ? எனக்கு மட்டும் ஒண்ணும் வரலையே. நான் சரியான விடையைத்தான் காட்டினேன்."

இதற்குத்தான் அவள் காத்திருந்தாள். ராத்திரிகளில் எத்தனை விதமாகவோ சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள். நிதானமாக, அவரைப் போலவே இழுத்து, இடம் விட்டுச் சொன்னாள்.

"கூட்ஸ் வண்டிக்கு இன்னும் சிக்னல் போடல சார்."

அவர் முகம் சுருங்கும், வெளுக்கும், வாய் திக்கும் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் பூத்தது. சிரித்த சிரிப்பில் டீ தளும்பிக் கையில் கொட்டியது.

"அட! இது என் வசனமாச்சே! இது எப்படி உங்ககிட்ட… இரு இரு, நீ என் ஸ்டூடண்டா? நான் முன்ன இருந்த ஸ்கூல்லயா படிச்ச?" 'நீங்க' என்பது ஒரு நொடியில் 'நீ' ஆகிவிட்டது. "விசில்! இங்க வாய்யா. யாருன்னு பாரு. நம்ம கையில வளர்ந்த பொண்ணு, நமக்கே பாடம் எடுக்க வந்திருக்கு. நான் சொல்லுவேன்ல, என்கிட்ட படிச்சது எதுவும் சோடை போகாதுன்னு!"

"கங்கிராட்ஸ் சார்" என்றார் விசில். "இனிமே உங்களுக்கு ஃபுல் மார்க்தான்."

"எஞ்சின்தானேம்மா நீ?" அவர் ஆசையோடு கேட்டார்.

"கூட்ஸ் சார்."

"சும்மா சொல்லாத."

"கூட்ஸ்தான் சார். மூணு வருஷமும்."

அவர் தலையை ஆட்டினார், சின்னப் பிள்ளை பொய் சொன்னதைக் கண்டுபிடித்துவிட்டவர் போல. "இருக்காதும்மா. கூட்ஸ்லேருந்து எவன் இவ்வளவு தூரம் வந்தான்? உனக்கு ஞாபகம் தப்பு. எஞ்சின் இல்லாட்டியும் பாசஞ்சர்ல முன்னாடி இருந்திருப்ப. நான் ஆளைப் பார்த்தாலே சொல்லிடுவேன்."

நறுக்கென்று நாலு வார்த்தை. நாலையும் கேட்டாகிவிட்டது. அதைப் பூச்செண்டு வாங்குவது போல வாங்கி மார்பில் அணைத்துக்கொண்டு நிற்கிறார் மனுஷன். அவள் பட்டது எதுவும் அவர் பக்கத்தில் நடக்கவே இல்லை. அவரைப் பொறுத்தவரை அங்கே ஒரு நல்ல வாத்தியாரும் ஒரு நல்ல நகைச்சுவையும் மட்டும்தான் இருந்திருக்கின்றன. இனி எதைச் சொன்னாலும் அதையும் தன் பெருமைக் கணக்கிலேயே வரவு வைப்பார். பேச்சு வேலைக்கு ஆகாது. மீதி இருப்பது போன் ஒன்றுதான்.

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அருகில் வந்தார். குரலில் இப்போது கிண்டல் இல்லை.

"நம்ம பிள்ளைகிட்ட சொல்றதுக்கு என்ன. பத்தாவத என்கிட்டேருந்து பிடுங்கப் பாக்கறாங்கம்மா. எனக்குத் தெரியும். கடைசி வருஷம். கையில சாக்பீஸோட வெளிய போகணும்னு ஒரு இது. ஸ்டோர் ரூம்ல உக்காந்து விளக்குமாறு எண்ணிட்டுப் போக முடியாது. அந்த எந்திரத்தக் கொஞ்சம் என்னையும் பாக்கச் சொல்லும்மா."

"நீங்க ரொம்பப் பின்னாடி இருக்கீங்க சார். அதுக்கு எட்டல. இன்னும் உயர்த்திப் பிடிங்க" என்றாள்.

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

இடைவேளைக்குப் பிறகு நடந்ததுதான் ரிப்போர்ட்டுக்குப் போகிற சுற்று. எல்லாம் பள்ளிக்கூடப் பாடத்திலிருந்து எடுத்த கேள்விகள். தலைமையாசிரியை வந்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் கேள்விக்கு அட்டைகள் எழுந்தன. அவள் போனை இடமிருந்து வலமாக ஓட்டினாள். திரையில் கட்டங்கள் படபடவென்று நிறம் மாறின. பதினேழு சாம்பல். இரண்டாம் கேள்வி. பதினேழு சாம்பல். போனுக்குள் அவளுக்கு அவர் நன்றாகத் தெரிந்தார். கையை நீட்டி உயர்த்தியிருந்தார். மேலே இருந்த எழுத்து ஒவ்வொரு முறையும் சரியாக இருந்தது. ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் மூலையில் இருந்தது.

"சார், உங்க வண்டி இன்னும் பிளாட்பாரத்துக்கே வரலையா?" என்றார் விசில். ஹால் சிரித்தது. அவரும் கூடச் சிரித்தார். அடுத்த கேள்விக்கு விசில் வாயைக் குவித்துக் 'கூ' என்று ஊதினார். அதற்கும் சிரித்தார்கள். இப்போது அவர் சிரிக்கவில்லை. அவருடைய உயர்த்திய கை மெல்ல ஆடத் தொடங்கியதையும், இன்னொரு கையை அதற்கு முட்டுக் கொடுத்ததையும் அவள் பார்த்தாள். பார்த்து, போனை அடுத்த வரிசைக்கு நகர்த்தினாள். இனித்தது. இனிப்பதை அவள் தனக்குள் மறைக்கவும் இல்லை. தலைமையாசிரியை திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், வருத்தப்படுகிறவர் போல.

புதுக் கணக்கு டீச்சர் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள். சின்னப் பெண், வேலையில் சேர்ந்து அதிக நாளாகவில்லை. அவர் பத்தாவதை இழந்தால் அது வந்து சேரப் போவது அவளுக்குத்தான். அது அவளுக்கும் தெரியும். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள். மூன்றாம் தடவை எழுந்தே விட்டாள்.

"மேடம், ஒரு நிமிஷம். சாரோட அட்டையில விரல்…"

"உக்காருங்க டீச்சர்." அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "சுற்று நடக்கும்போது யாரும் யாருக்கும் உதவக் கூடாது. உதவினா ரெண்டு பேர் விடையும் செல்லாது."

அப்படி ஒரு விதியே கிடையாது. புது டீச்சர் ஒரு கணம் அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. ஆனால் அது பயம் மட்டும் இல்லை. அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. காரணம் தெரியாமலே, நடப்பது என்ன என்பது மட்டும் புரிந்துவிட்டது. மெதுவாக உட்கார்ந்து, தன் அட்டையை மடியில் கவிழ்த்துப் போட்டாள். அடுத்த கேள்விக்கு அவள் அட்டையைத் தூக்கவே இல்லை. திரையில் பதினேழோடு இன்னொரு கட்டமும் சாம்பலாக நின்றது. பயிற்றுநருக்கு வந்த கோபத்தில் போன் கையிலிருந்து நழுவப் பார்த்தது. உனக்கென்ன தெரியும்? நீ எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய்?

கடைசிக் கேள்வியைத் திரையில் போட்டாள். ஒரு செவ்வகத்தின் நீளத்தை இருபது சதவீதம் கூட்டி, அகலத்தை இருபது சதவீதம் குறைத்தால் பரப்பளவு என்ன ஆகும்? அ, கூடும். ஆ, குறையும். இ, மாறாது. ஈ, சொல்ல முடியாது. கூட்டியதும் குறைத்ததும் ஒன்றுதானே என்று எல்லோரும் விழுகிற குழி அது. விழுந்தார்கள். முன்வரிசை முழுக்க இ. விசில் இ. தலைமையாசிரியைகூடத் தனக்குள் தலையாட்டி இ என்று முடிவு செய்தது தெரிந்தது. போனை ஓட்டிக்கொண்டே போனபோது, பின்னாலிருந்து மரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

அவர் பெஞ்சின் மேல் ஏறிக்கொண்டிருந்தார்.

ஒரு கையால் சுவரைத் தடவி, ஒரு முழங்காலை வைத்து, பிறகு மற்றதை வைத்து. செருப்பைக் கீழே ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தார். ஹாலில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நடுவில் நிறுத்திக்கொண்டார்கள். அவர் நிமிர்ந்து நின்றபோது தலை மின்விசிறிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. தொளதொளத்த சட்டை காற்றில் உப்பியது.

"என்ன சார் இது, இறங்குங்க. விழுந்து வைக்காதீங்க" என்று தலைமையாசிரியை எழுந்துவிட்டார்.

"இந்த ஒண்ணு மட்டும் மேடம். பின்னாடி இருக்கறதால எட்டலையாம். நம்ம பொண்ணுதான் சொல்லுச்சு." அவர் கையை முழு நீளத்துக்கும் தூக்கினார். "எல்லாரும் தப்பா போட்டிருக்கீங்கய்யா. குறையும். நூத்துக்கு நாலு குறையும். இத அது பாக்கணும்."

பெஞ்சின் ஒரு கால் தரையில் சரியாக உட்காராமல் டக் டக்கென்று ஆடியது. விசில் ஓடிப்போய்க் குனிந்து இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். கழுத்திலிருந்த விசில் தொங்கித் தரையைத் தொட்டது. புது டீச்சர் பின்னால் பார்க்கவில்லை. அவள் பயிற்றுநரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணை எடுக்காமல்.

அவள் போனை உயர்த்தினாள். மற்ற அட்டைகளையெல்லாம் படித்தாகிவிட்டது. போன் திரையின் அடியில் 'முடி' என்ற பொத்தான் ஒளிர்ந்தது. அதை ஒரு தட்டுத் தட்டினால் ரிப்போர்ட் போய்விடும். போனுக்குள் இப்போது அவர் மட்டும் இருந்தார். எழுத்து ஆ, நேராக மேலே.

"வந்துடுச்சாம்மா?" என்று கேட்டார். அண்ணாந்து அட்டையையே பார்த்துக்கொண்டிருந்ததால் சுவர்த் திரை அவர் கண்ணில் படவில்லை.

எல்லா முகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அவள் பக்கம் திரும்பின. போன் அந்த அட்டையைச் சுற்றிப் பச்சையாக ஒரு கோடு போட்டுப் பார்த்தது, அழித்தது, மறுபடி போட்டது. மூலையில் அவருடைய கட்டைவிரல் நகம் அழுத்தி அழுத்தி வெளுத்துப் போயிருந்தது.

"வந்துடுச்சா?"

அவர் குதிகாலை எக்கி, அட்டையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினார்.